பட்டம் முடிந்தால் சீசன் முடிந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 ஏப்ரல் 26 அன்று ஸ்காட்லாந்து கால்பந்து லீக் பட்டத்தை செல்டிக் அணி உறுதி செய்த செய்தியை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் படித்தேன். 'ஸ்காட்லாந்து லீக்கில் இனி மிச்சமிருப்பவை சம்பிரதாய ஆட்டங்களே' என்று முடித்திருந்தீர்கள். சீசனே முடிந்த பிறகும் அந்த வரி என் மனதில் ஆறவில்லை.

அன்றைக்கு இன்னும் நான்கு சுற்று பாக்கி இருந்தது. 33 ஆட்டம் ஆனதும் 12 அணிகளை மேலே ஆறு, கீழே ஆறு என்று பிரித்து, அந்தந்தப் பாதிக்குள் ஐந்து ஆட்டம் ஆடவைக்கும் முறை 2000-01 முதல் நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஐரோப்பியப் போட்டிகளுக்கு யார் போவது, யார் கீழ் லீக்குக்கு இறங்குவது எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் தீர்கிறது. பிரித்தபின் கீழ்ப் பாதி அணி எத்தனை புள்ளி எடுத்தாலும் மேல் பாதிக்குள் வர முடியாது. 2005-06இல் இன்வர்னெஸ் 58 புள்ளி எடுத்தும் ஏழாவதுதான். நான்காவதாக வந்த ஹிபர்னியனுக்கு 56. இது நியாயமா என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தால்கூட சந்தோஷப்பட்டிருப்பேன்.

சரி, நீங்கள் சம்பிரதாயம் என்ற அந்த வாரங்களில் நடந்தது என்ன? 2009 முதல் மேல் லீக்கில் இருந்த செயின்ட் ஜான்ஸ்டன் கீழே போனது. டண்டி யுனைடெட் கடைசி ஆட்டத்தில் எங்கள் அபர்டீனை வீழ்த்தி நான்காம் இடத்தைப் பறித்துக்கொண்டது. மேல் லீக்கில் இடம் யாருக்கு என்று தீர்க்கும் பிளே-ஆஃபில் ராஸ் கவுன்டியை லிவிங்ஸ்டன் வென்று மேலே வந்தது. இறங்கினால் வருமானம் சரியும், வீரர்கள் கிளம்புவார்கள், அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் ஆபத்து. அவர்களிடம் போய்ச் சம்பிரதாயம் என்று சொல்ல முடியுமா?

மே 24 அன்று கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் மைதானத்தில் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டம். 1-1 என்று சமனாகி, பெனால்டியில் செல்டிக்கை 4-3 என அபர்டீன் வென்றது. 1990க்குப் பிறகு இப்போதுதான் இந்தக் கோப்பை. அன்றும் எதிரணி செல்டிக், அன்றும் பெனால்டி. பல வருடமாக அபர்டீனில் வேலை பார்க்கும் நான், பக்கத்து வீட்டுப் பெரியவருடன் உட்கார்ந்து டிவியில் பார்த்தேன். பெனால்டி தொடங்கியதும் எழுந்து போய்ச் சமையலறையில் நின்றுகொண்டார். எங்கள் கோல்கீப்பர் மிடோவ் கடைசி அடியைத் தடுத்ததும் நான் போட்ட சத்தத்தைக் கேட்டு வந்தவர், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். மறுநாள் யூனியன் தெருவில் நடந்த ஊர்வலத்துக்கு வந்த கூட்டத்தில் நிற்க இடமில்லை. உங்கள் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. இங்கிலாந்தில் எந்த வீரர் எந்த அணிக்குப் போகக்கூடும் என்பதற்கு மட்டும் அரைப் பக்கம் கிடைத்தது.

இது புதிதல்ல. 2013இல் மான்செஸ்டர் யுனைடெட் மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வு பெற்றபோது நீங்கள் வெளியிட்ட கட்டுரை, அவர் 1986இல் அங்கே போனதிலிருந்துதான் தொடங்கியது. அதற்கு முன் அபர்டீனுக்கு அவர் மூன்று லீக் பட்டமும் நான்கு ஸ்காட்டிஷ் கோப்பையும் வாங்கிக் கொடுத்தவர். 1983இல் கோதன்பர்க்கில் ரியல் மாட்ரிட்டை 2-1 என்று வென்று ஐரோப்பிய நாடுகளில் கோப்பை வென்ற அணிகள் மோதிய 'கோப்பை வென்றோர் கோப்பை'யையும் கொண்டுவந்தவர். அப்போதே கடிதம் போட்டேன், பிரசுரமாகவில்லை. அப்புறம் ஒரு முறை ஹாம்ப்டன் மைதானத்தின் படத்துக்குக் கீழே 'இங்கிலாந்து ரசிகர்கள்' என்று போட்டீர்கள். அதற்கும் எழுதினேன். திருத்தம் வரவில்லை.

2005 மே 22ஐ உங்கள் விளையாட்டு ஆசிரியர் மறந்திருக்க மாட்டார். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்வரை பட்டம் செல்டிக்கின் கையில். எதிரணி மதர்வெல்லின் ஸ்காட் மெக்டொனால்ட் அடுத்தடுத்து இரண்டு கோல் போட, பட்டம் ரேஞ்சர்ஸ் அணிக்குப் போனது. கோப்பையைச் சுமந்து பறந்த ஹெலிகாப்டர், ரேஞ்சர்ஸ் ஆடிக்கொண்டிருந்த எடின்பரோ பக்கம் திரும்பியது. இப்படியொரு லீக்கின் கடைசி வாரங்களையா பார்க்கத் தேவையில்லை என்கிறீர்கள்?

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. அடுத்த சீசனிலாவது, அணிகளைப் பிரித்த பிறகு வரும் ஐந்து வாரமும் 12 அணிகளின் புள்ளிப் பட்டியலை முழுதாகப் போடுங்கள். ஒரு சிறு பெட்டி போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
அபர்டீன், ஸ்காட்லாந்து.