பஜனை வாசித்த ஜாஸ் கலைஞர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் முப்பது வருடமாக வெள்ளிக்கிழமை பஜனைக்கு ஆர்மோனியம் வாசிக்கிறேன். போன மாதம் பேத்தி கைப்பேசியில் ஒரு பாட்டைப் போட்டாள். நம்ம பஜனைதான், ஆனால் மாதா கோயிலில் கேட்பது போல ஆர்கன் ஒலி. வாசித்தவர் அலிஸ் கோல்ட்ரேன், அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி.

1937-இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே தேவாலயத்தில் வாசித்தார். 1966-இல் கணவர் ஜான் கோல்ட்ரேனின் ஜாஸ் குழுவில் பியானோ கலைஞரானார். மறு வருடமே கணவர் காலமாகிவிட்டார். கையில் நான்கு பிள்ளைகள். அந்தத் துயரத்துக்குப் பிறகு அவர் குருவாக ஏற்றது யாரைத் தெரியுமா? கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிப்பாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தரை! 1971-இல் அந்தக் குருவின் பெயரைத் தாங்கிய அம்மையாரின் இசைத்தட்டு வெளிவந்தது. அப்புறம் கலிபோர்னியாவில் ஆசிரமம் அமைத்து, பக்தர்களோடு பஜனை பாடினார். 2007-இல் மறைந்தார்.

எங்கள் ஊர்த் திருவிழாக்களில் கீபோர்டு வாசிக்கப் பையன்களைத்தான் கூப்பிடுகிறார்கள். பேத்திக்கு நன்றாக வரும், ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அது மனவருத்தம். உங்கள் ஞாயிறு பதிப்பில் இந்த அம்மையாரைப் பற்றிப் படத்தோடு எழுதுங்கள், ஐயா. வெட்டிக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைப்பேன்.

வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்