கருப்பைவாய்ப் புற்றுநோய் தடுப்புக் கருவி கோரி மீண்டும் அளிக்கும் மனு

அனுப்புநர்: மலைக்கிராம மகளிர் சுய உதவிக் குழுவினர்
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். இதே கோரிக்கையைத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் முன்பே கொடுத்து ரசீது பெற்றிருக்கிறோம். பதில் இல்லை. எங்கள் மலைச்சாலையைத் தாங்களே நேரில் பார்த்திருக்கிறீர்கள்; மழைக்காலத்தில் அது படும் பாட்டை விளக்கத் தேவையில்லை.

1. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பது வயது கடந்த பெண்களுக்கு அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்கிறார்கள். செவிலியர்கள் மீது எங்களுக்குக் குறையில்லை.

2. புற்றுநோயாக மாறக்கூடிய இடம் அமிலம் பட்டதும் வெள்ளைத் திட்டாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் அதை அங்கேயே உறைய வைத்து அழிக்கும் கிரையோ கருவி உறை போட்டு மூலையில் கிடக்கிறது. அதற்கு வேண்டிய வாயு சிலிண்டர் தீர்ந்துவிட்டது; நிரப்ப நிதி இல்லையாம்.

3. ஆகவே சீட்டு எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். முதல் பஸ்ஸைப் பிடித்து, கீழே இறங்கி, இன்னொரு பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் ஓ.பி. சீட்டு கொடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அன்றைய தோட்டக்கூலி போய்விடும். வலியே இல்லையே, எதற்குப் போகிறாய் என்று வீட்டில் கேட்பார்கள். சீட்டு அரிசி டப்பாவுக்குள் போய்விடும். எங்கள் குழுவில் ஒருவர் அப்படித்தான் சீட்டை மடித்து வைத்திருந்தார். இரத்தப்போக்கு நிற்காமல் போன பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனார். அதற்குள் நோய் முற்றிவிட்டது. அவருக்கு இரண்டு பிள்ளைகள், அம்மா. மூத்தவள் இப்போது பள்ளிக்கூடம் போவதில்லை. பரிசோதனை செய்த அன்றே சில நிமிடங்களில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது! கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுக் கைவிடுவதற்கா இந்தப் பரிசோதனை?

4. புதுக் கருவி வாங்கினால் விலை அதிகம் என்கிறார்கள். காப்பீட்டுத் திட்டத்தில் ஒருவருக்கு வாரக்கணக்கில் கதிர்வீச்சு கொடுக்க அரசுக்கு ஆகும் செலவு மட்டும் குறைவா?

5. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் செவிலியர்களே இந்தப் பரிசோதனையும் கிரையோ சிகிச்சையும் செய்ததில் இந்நோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்ததாக 2007-இல் ஆய்வு வெளியானது. நம் தமிழ்நாட்டில் நடந்ததுதான்.

6. சிலிண்டரே தேவைப்படாத, பேட்டரியில் இயங்கி, சூட்டால் திட்டை அழிக்கும் தெர்மல் அப்லேஷன் கருவியை உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே பரிந்துரைத்திருக்கிறது. அதில் ஒன்று தாருங்கள். அதுவரை சிலிண்டரையாவது நிரப்பித் தாருங்கள்.

சீட்டு வேண்டாம், அம்மா. சிகிச்சை வேண்டும். எந்தத் தேதிக்குள் என்று எழுத்துமூலம் தெரிவிக்குமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும், முந்தைய மனு ரசீதின் நகலும் இணைக்கப்பட்டுள்ளன)