ஞாயிறு உணவுப் பொட்டலம்: கவனிக்க

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், 11.30 மணிக்கு, அரசு மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் துணையிருப்பவர்களுக்கு 60 பொட்டலம் கொடுக்கிறோம். நோயாளிக்கு வார்டிலேயே சாப்பாடு வந்துவிடும். கூட இருப்பவர்தான் டீயும் பன்னுமாக நாளை ஓட்டுகிறார்.

1. 12 வீடு, வீட்டுக்கு 5 பொட்டலம் எலுமிச்சைச் சாதம். தேங்காய்ச் சட்னி வேண்டாம், வெயிலில் ஊசிப்போகும்.
2. சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டுக் கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்த்துக் கெட்டுவிடும்.
3. அவித்த முட்டை ஒன்று, ஓட்டோடு.
4. போட்டோ, சுவிசேஷக் கைப்பிரதி வேண்டாம். மதம், ஊர் கேட்காதீர்கள்; ஆண்டவர் நம் தகுதி பார்த்தா கொடுத்தார்? இரண்டாவது கேட்டாலும் முகம் சுளிக்காமல் கொடுங்கள், பக்கத்துக் கட்டிலுக்காக இருக்கும்.

யார் யார் செய்கிறீர்கள் என்று வெள்ளி இரவு 8 மணிக்குள் இங்கே பதில் போடுங்கள்.