உள்விளிம்பைத் தொட்டுப் பார்

பள்ளத்தூர்,
ஆவணி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பேத்திக்குக் காது குத்தியதையும் உன் முழங்கால் வலி குறைந்ததையும் படித்து மனம் குளிர்ந்தது. ஆனால் கடைசிப் பத்தியில் செருகி வைத்திருந்தாயே ஒரு செய்தி, அதைத்தான் மூன்று முறை படித்தேன். கல்லூரி மைதானச் சுவரில் உட்கார்ந்துகொண்டு பழைய மோட்டார் பத்திரிகையை நாம் இருவரும் பக்கம் பக்கமாகப் பார்த்தோமே, அந்தக் கனவு நாற்பது வருடம் கழித்து உன் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது. போர்ஷே 718 பாக்ஸ்டர் எஸ் கார், என் வண்டியின் உடன்பிறப்பு. கோயம்புத்தூரிலிருந்து இங்கு வந்து, என்னையும் கூட்டிக்கொண்டு ஆயுத பூஜை விடுமுறையில் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை போகலாம் என்கிறாய். வருகிறேன். அதற்கு முன் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

“எட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, டயர் நான்கும் புதிது போல இருக்கின்றன” என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. காரணம், வைகாசியில் எனக்கு நடந்தது. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

வைகாசி கடைசியில் என் மனைவியையும் அழைத்துக்கொண்டு வால்பாறை போனேன். திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல், அப்புறம் பழனி, உடுமலை, பொள்ளாச்சி. விடியுமுன் கிளம்பியதால் பழனி மலையை இளவெயிலில் பார்த்தோம். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். அந்த வளைவுகளில் இந்த வண்டி போகும் அழகை உனக்கு எழுத்தில் சொல்ல முடியாது, ஓட்டினால்தான் தெரியும். முதுகுக்குப் பின்னால் எஞ்சின், கூரை திறந்திருக்கிறது, வளைவுக்கு வளைவு குளிர் ஏறுகிறது. ஒன்பதாவது வளைவில் நிறுத்தி அணையைப் பார்த்தோம். சுவர் ஓரத்தில் இரண்டு வரையாடுகள் நின்றன, எங்களைக் கண்டு நகரவே இல்லை. இரண்டு நாள் தங்கிவிட்டு அதே வழியில் திரும்பினோம். பழனிச் சாலையில் ஆள் இல்லாத நேரம், கொஞ்சம் வேகமாகவே வந்தேன்.

மறுநாள் காலை பின்தெருக் கொட்டகையில் வண்டியைக் கழுவினேன். நத்தம் அருகே அடையாளம் இடாத ஒரு வேகத்தடையில் அடி உரசியிருந்தது. அதைப் பார்க்கத் தரையில் சாக்கை விரித்துப் படுத்தேன். எழும்போது கையூன்ற இடம் தேடி இடது பின்சக்கரத்தின் உள்பக்கத்தைப் பிடித்தேன். சுருக்கென்று குத்தியது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். முள் என்று நினைத்து விளக்கைக் கொண்டுவந்து பார்த்தேன். கம்பி. டயரின் உள்ளே இருக்க வேண்டிய எஃகுக் கம்பி, ரப்பர் முழுவதும் தேய்ந்துபோய் ஒரு விரல் அகலத்துக்குச் சுற்றிலும் வெளியே தெரிந்தது. வெளிப்பக்கத்தில் இருந்து பார்த்தால் அந்த டயருக்கு ஒரு குறையும் இல்லை. பள்ளங்கள் ஆழமாக, கருகருவென்று இருந்தன.

மாப்பிள்ளை, அந்த டயரில்தான் நாற்பது வளைவுகளும் இறங்கியிருக்கிறேன். பக்கத்தில் அவள் தூங்கிக்கொண்டு வந்தாள். அன்று பகல் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு பெரிய ஊர்க் கடையில் காட்டிவிட்டுத்தான் போனேன். அந்தப் பையன் வெளிப்பள்ளத்தில் அளவுகோலைச் செருகி, “நாலரை மில்லிமீட்டர் இருக்கிறது சார், தாராளமாகப் போகலாம்” என்றான். அவன் பொய் சொல்லவில்லை, வெளிப்பள்ளத்தில் நாலரை இருந்தது. நடுவில் மூன்று. உள்விளிம்பில் ஒன்றுமில்லை. அங்கே அவன் பார்க்கவில்லை, பார்க்கச் சொல்ல எனக்கும் தெரியவில்லை.

இது வண்டியின் குறை அல்ல என்பதை முதலில் புரிந்துகொள். இந்த வகை வண்டிகளில் சக்கரத்தை நேராக நிறுத்துவதில்லை. மேல்பக்கம் சற்று உள்ளே சாய்ந்திருக்கும், பின்னால் குனிந்து பார்த்தால் உனக்கே தெரியும். வளைவில் போகும்போது உடல் வெளிப்பக்கம் சாயும், அப்போது சுமை தாங்கும் வெளிச்சக்கரம் நிமிர்ந்து டயரின் முழு அகலமும் சாலையில் பதியும். வால்பாறை வளைவுகளில் பிடி அவ்வளவு கெட்டியாக இருப்பது அதனால்தான். ஆனால் நேர்சாலையில் அந்தச் சாய்வு அப்படியே இருக்கிறது, உள்விளிம்பு அதிகம் சுமக்கிறது. நாம் மலையில் ஓட்டுவது பத்தில் ஒரு பங்கு. மீதி எல்லாம் நான்குவழிச் சாலை. தேய்வதில் பெரும்பகுதி, நமக்கு ஒன்றும் தோன்றாத அந்த நேர்சாலையில் நடந்துவிடுகிறது.

சாய்வு மட்டும் என்றால் மெதுவாகத்தான் தேய்ந்திருக்கும். என் டயரைத் தின்றது வேறு. இங்கே லாரிகளுக்கு டயர் மாற்றும் கடை ஒன்று இருக்கிறது, அங்கே ஒரு பெரியவர். கழற்றிய டயரைக் கொண்டுபோய் அவர் முன் போட்டேன். அவர் அளவுகோல் எதையும் எடுக்கவில்லை. உள்ளங்கையை டயரின் குறுக்கே ஒரு பக்கமாகத் தடவினார், பிறகு எதிர்ப்பக்கமாகத் தடவினார். “நீங்கள் தடவுங்கள் செட்டியாரே” என்றார். ஒரு பக்கம் போகும்போது வழவழவென்று இருந்தது. திரும்பும்போது ரம்பப் பல் போலக் கையைப் பிடித்தது. “சக்கரம் ஒரு திசை பார்க்கிறது, வண்டி ஒரு திசை போகிறது. ஓடும்போதே இழுபடுகிறது. அலைன்மென்ட் பாருங்கள்” என்றார். எழுபது வயது இருக்கும். அந்தக் கையைப் பிடித்து நன்றி சொன்னேன்.

திருச்சியில் கணினியில் மாட்டிப் பார்த்தபோது அவர் சொன்னது அப்படியே வந்தது. இடது பின்சக்கரத்தின் முன்முனை வெளிநோக்கித் திரும்பியிருந்தது, கண்ணுக்கே தெரியாத அளவு. எப்போதோ ஒரு குழியில் அடித்ததுதான் காரணமாக இருக்க வேண்டும். அவ்வளவு சிறிய கோணம் போதும், ஒவ்வொரு கிலோமீட்டரும் டயர் உருண்டுகொண்டே கொஞ்சம் பக்கவாட்டில் உரசும். அதுவும் உள்சாய்வும் சேர்ந்தால் உள்விளிம்பு தப்பாது. குழியில் பலமாக விழுந்தால், ஸ்டீயரிங் நேராகத்தான் இருக்கிறது என்று சும்மா இருந்துவிடாதே. பின்சக்கரம் கோணினால் கைக்குத் தெரியாமலே போகலாம். நான்கு சக்கரத்துக்கும் பார்க்கச் சொல்.

பின்டயர் முன்டயரைவிடச் சீக்கிரம் போகும், அது இயல்பு. நம் வண்டியில் எஞ்சின் எடையும் பின்னால், இழுவையும் பின்னால். என் முன்டயர்கள் இன்னும் பாதி கூடத் தேயவில்லை. மற்ற கார்களில் முன்பின் மாற்றிப் போட்டு ஆயுளைச் சமன் செய்வார்கள். இதில் முடியாது, முன்னால் 235, பின்னால் 265, அகலமே வேறு. ஸ்டெப்னியும் கிடையாது, ஓட்டையை அடைக்கும் பசையும் ஒரு சின்னக் காற்றுப் பம்பும்தான். ஆணி குத்தினால் அது உதவும். கம்பி தெரியும் டயர் வழியில் வெடித்தால் அந்தப் பசையால் ஒன்றும் செய்ய முடியாது.

இனி உன் வண்டிக்கு வருகிறேன். எட்டாயிரம் கிலோமீட்டர்தான் என்பது உனக்கு மகிழ்ச்சி, எனக்கு அதுதான் கவலை. 2018 வண்டி இத்தனை வருடத்தில் அவ்வளவுதான் ஓடியிருக்கிறது என்றால் பெரும்பாலும் நின்றே இருந்திருக்கிறது. டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 3418 என்றால் 2018-ஆம் ஆண்டின் முப்பத்து நான்காவது வாரம் செய்தது. ரப்பர் ஓடாமல் இருந்தாலும் வயதாகிறது. இறுகுகிறது, பிடியை இழக்கிறது, பள்ளத்தின் அடியில் மயிரிழை போல வெடிப்பு விடுகிறது. ஆறு ஆண்டைத் தாண்டினால் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடு. உன் வண்டியில் வந்த டயரே அதில் இன்னும் இருந்தால், அதில் தனுஷ்கோடி போக நான் சம்மதிக்க மாட்டேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஆயுத பூஜையை ஒட்டி மழை வந்துவிடலாம் என்பதையும் நினைத்துக்கொள். பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடுகள் வைத்திருப்பார்கள். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர், டயர் அந்த மட்டத்துக்கு வந்தால் சட்டப்படி முடிந்தது. ஆனால் தண்ணீர் சட்டம் பார்க்காது. இவ்வளவு அகலமான டயர் மூன்று மில்லிமீட்டருக்குக் கீழ் போய்விட்டால் தேங்கிய நீரில் மிதக்கத் தொடங்கும். ராமநாதபுரம் தாண்டித் திறந்தவெளிச் சாலையில் பக்கக்காற்றும் சேரும்.

காற்று விஷயம் உனக்குத் தெரியும் என்றாலும் ஒன்று சொல்கிறேன். காலையில் கிளம்புமுன் வீட்டிலேயே அளந்துவிடு, டயர் குளிர்ந்திருக்கும்போது. பாதி வழியில், வெயிலில் ஓடிச் சூடான டயரைப் பெட்ரோல் பங்கில் காட்டினால் நான்கைந்து புள்ளி கூடுதலாகக் காட்டும். அங்குள்ளவர்கள் நல்லெண்ணத்தில் அதை இறக்கிவிடுவார்கள். குளிர்ந்த பிறகு அது குறைந்த காற்று. குறைந்த காற்றில் டயர் அதிகம் மடங்கி விரியும், இரண்டு விளிம்புகளும் தேயும், உள்ளே சூடு ஏறும். நம் பக்கத்துச் சித்திரை வைகாசியில் தார்ச்சாலையே அடுப்பு போலத்தான் இருக்கிறது.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறேன். தேதி, கிலோமீட்டர், ஒவ்வொரு டயருக்கும் உள், நடு, வெளி என்று மூன்று அளவு. ஐயா பேரேடு எழுதிய அதே மேசையில். எழுதும்போது அவர் நினைவு வருகிறது. மலேயாவில் ஈப்போ பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு வட்டிக்குக் கொடுத்தவர் அவர், 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல் ஒரு தோட்டமே கைக்கு வந்தது. சின்ன வயதில் எனக்குச் சொல்வார்: விடியுமுன் பால் வெட்ட வேண்டும், குளிரில்தான் பால் நன்றாக ஓடும். பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும், கத்தி ஆழம் போனால் மரம் காயப்படும். அந்தப் பாலில் வந்த பணத்தில் எழுந்த பின்கட்டின் கொட்டகையில்தான் இன்று என் வண்டி நிற்கிறது.

ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் பின்டயர் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியது. ஒரு சுற்றுக்கு 2.18 மீட்டர். ஏறத்தாழ எண்பத்திரண்டு லட்சம் சுற்று. நடுப்பள்ளத்தில் தேய்ந்தது ஐந்து மில்லிமீட்டர். அப்படியானால் ஒரு சுற்றுக்குப் போனது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த அளவில் சீவிச் சீவித்தான் ஒரு விரல் அகல ரப்பர் காணாமல் போயிருக்கிறது.

எங்கே போயிற்று என்பதும் மனத்தை அரிக்கிறது. 2020-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ரப்பர் வெடிக்காமல் இருக்கச் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள், காற்றில் உள்ள ஓசோனுடன் சேர்ந்து நஞ்சாகிறது. டயர்த் தூளோடு மழைநீரில் கரைந்து ஓடைகளுக்குப் போய், முட்டையிட வந்த கோஹோ சால்மன் மீன்களைக் கொன்றிருக்கிறது. எத்தனையோ வருடம் அந்த மீன்கள் ஏன் சாகின்றன என்று தெரியாமல் இருந்திருக்கிறார்கள். நம் ஊரில் அந்த மீன் இல்லை. ஆனால் தெருவில் விழும் மழையை ஒரு சொட்டும் வீணாக்காமல் ஊருணிக்குக் கொண்டுசேர்க்க வரத்துக்கால் வெட்டி வைத்தவர்கள் நம் முன்னோர்கள். அந்தக் கால் வழியாக இப்போது என்னென்ன போகிறது என்று, மழை பெய்யும்போது முகப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஓட்டுவதை விட்டுவிடவில்லை. தேவையில்லாத இடத்தில் சக்கரம் சுழல மிதிப்பதையும், கடைசி நொடியில் பிரேக் பிடிப்பதையும் விட்டுவிட்டேன்.

புதுப் பின்டயர்கள் போட்டாயிற்று, இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே வகையில். முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாகத்தான் ஓட்டினேன், புது ரப்பரின் மேல்தோல் வழுக்கும். நீ மாற்றினாலும் அப்படியே செய். பக்கச்சுவரில் ‘N’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு, நம் வண்டிக்கென்று சோதித்து ஒப்புக்கொண்டதற்கு அது அடையாளம்.

ஆயுத பூஜை அன்று இங்கே என் வண்டியோடு உன் வண்டியையும் நிறுத்திச் சந்தனம் குங்குமம் வைப்போம், எலுமிச்சம்பழம் நசுக்குவோம். அவள் இப்போதே மாலைக்குச் சொல்லிவிட்டாள். மறுநாள் நாலரை மணிக்குக் கிளம்பினால் பாம்பன் பாலத்தில் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். அரிச்சல்முனையில் சாலை முடிகிற இடத்தில் உன்னோடு நிற்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பது உனக்குத் தெரியும்.

அதற்கு முன் இன்று மாலையே சாக்கை விரித்துப் படு. முழங்காலைப் பார்த்துக்கொள். பின்டயர் இரண்டின் உள்விளிம்பையும் மெதுவாகத் தடவிப் பார், கம்பி இருந்தால் குத்தும், கவனம். பிறகு நான்கு டயரிலும் உள்ள நான்கு எண்களைக் குறித்து எனக்கு எழுது. சில டயர்களில் அது உள்பக்கச் சுவரில்தான் இருக்கும், தேடிப் பார்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை