கண்ணம்பாடியில் உடைத்த பீரங்கிகள்

அன்புள்ள கதிர்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே அல்சூரில் எல்லோரும் சௌக்கியம். சின்னவள் வேலை மாறிவிட்டாள். ஆபீஸ் ஒயிட்ஃபீல்டில், அவள் வீடு வந்து சேர்வதற்குள் நான் தூங்கிவிடுகிறேன்.

சரி, நம் சண்டைக்கு வருகிறேன். மந்திரி மீர் சாதிக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருந்தால் திப்பு சுல்தான் தோற்றிருக்கமாட்டார் என்கிறாய். அது திப்பு செத்த 1799 கடைசிச் சண்டையின் கதையப்பா. பாதி ராஜ்யம் போனது, 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம் கட்டியது, பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரைப் பிணையாக அனுப்பியது, இதெல்லாம் 1792-லேயே நடந்துவிட்டது.

1790-ல் உங்கள் ஊர்ப் பக்கம் நடந்ததை எடுத்துக்கொள். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜெனரல் மெடோஸ் தன் படையைக் கோயமுத்தூர், சத்தியமங்கலம், பாலக்காடு என்று பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். திப்பு கஜ்ஜலஹட்டி கணவாய் வழியாக இறங்கி, சத்தியமங்கலத்தில் தனியாக நின்ற படையைப் போட்டுப் புரட்டினார். அந்த வேகத்துக்குப் பின்னால் இருந்தவை மைசூர் அரசின் அம்ரித் மஹால் மாடுகள். பீரங்கி இழுப்பதற்கென்றே வளர்த்த இனம். கம்பெனிக்காரனிடம் அப்படி ஒன்று கிடையாது.

ஆனால் அதன் பிறகு திப்பு பாண்டிச்சேரிப் பக்கம் போய் பிரெஞ்சு உதவிக்காகக் காலத்தை ஓட்டினார் பார், அங்கேதான் எனக்கு அவர்மேல் கோபம். அதற்குள் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் வேலூரில் படையைக் கூட்டி, ஆம்பூர் வழியாகப் போவது போல் போக்குக் காட்டிவிட்டு, முகளி கணவாயில் எதிர்ப்பே இல்லாமல் மேலே ஏறிவிட்டார். 1791 மார்ச் 7-ல் பெங்களூர்ப் பேட்டை, அதாவது கோட்டைக்கு வெளியே இருந்த ஊர், விழுந்தது. 21-ம் தேதி ராத்திரி கோட்டையும் விழுந்தது. கில்லேதார், அதாவது கோட்டைத் தளபதி, பகதூர் கான் உள்ளே சண்டையிட்டே செத்தார். திப்புவோ படையோடு பக்கத்திலேயே இருந்தார். கே.ஆர். மார்க்கெட் அருகே டெல்லி வாசலும் துண்டு மதிலும் மிஞ்சியிருக்கின்றன. மதிலை உடைத்து நுழைந்த இடம் என்று ஒரு கல் பதித்திருக்கிறார்கள். தள்ளுவண்டிக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் அதைத் தேடித்தான் படிக்கவேண்டும்.

இனிமேல்தான் விஷயமே. மே மாதம் கார்ன்வாலிஸ் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய், பக்கத்திலுள்ள அரகெரேயில் ஜெயிக்கவும் செய்தார். ஜெயித்து என்ன? வழியில் தீவனத்தையெல்லாம் திப்பு எரித்திருந்தார். மழை, அம்மை, பட்டினி. மாடுகள் கும்பல் கும்பலாகச் செத்தன. பெரிய பீரங்கிகளைச் சிப்பாய்களே இழுத்தார்கள். கடைசியில் கண்ணம்பாடியில், அதாவது இப்போது கே.ஆர்.எஸ். அணை இருக்கிற இடத்தில், அந்தப் பீரங்கிகளைத் தாங்களே உடைத்துவிட்டுத் திரும்பினார்கள். திரும்ப ஆரம்பித்த பிறகு கம்பெனியின் கூட்டாளியான மராட்டியப் படை எதிரே வருகிறது, கடைத்தெருவும் தானியமுமாக! தூதுவர்களைத் திப்புவின் குதிரைப்படை வழியிலேயே மடக்கியதால், அவர்கள் அவ்வளவு அருகில் இருப்பதே இவர்களுக்குத் தெரியவில்லை. அந்த வகையில் திப்பு கெட்டிக்காரர்தான்.

கார்ன்வாலிஸ் 1781-ல் அமெரிக்காவில், யார்க்டவுனில், கடல்வழி உதவி வந்து சேராமல் சரணடைந்த ஆள். வந்து சேராத உதவியை நம்பினால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. கௌரவம் பார்க்காமல் பெங்களூருக்குத் திரும்பி, மிச்ச வருடத்தை வழியைச் சுத்தம் பண்ணுவதில் செலவழித்தார். ஓசூர், அக்டோபரில் நந்தி மலை, டிசம்பரில் சாவனதுர்கா. ஊர் ஊராகத் தானியம் சுமந்து விற்கும் லம்பாடிகளின் பொதிமாடுகளில் தானியம் வந்துகொண்டே இருந்தது. 1792 பிப்ரவரியில் மறுபடி ஸ்ரீரங்கப்பட்டணம் போனபோது முதுகுக்குப் பின்னால் சோறு இருந்தது. திப்புவின் வீரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த எட்டு மாதத்தில் எதிரியின் சோற்று வழியை அறுக்க அவர் ஏன் முழு மூச்சாக இறங்கவில்லை? இதற்குப் பதில் சொல், மீர் சாதிக்கை அப்புறம் பார்க்கலாம்.

பையன் கல்யாணத் தேதி முடிவானதும் உடனே எழுது. டிக்கெட் எடுக்கவேண்டும்.

அன்புடன்,
முருகேசன்