ஆலய வாத்தியக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கும், தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வாத்தியக் குழுவினருக்கும், அவர்தம் பெற்றோருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நம் ஆலய வாத்தியக் குழு கடந்த ஓராண்டில் ஆற்றிய பணி பற்றிய இவ்வறிக்கையைச் செயற்குழுவின் சார்பில் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

ஞாயிறு ஆராதனைகள், உயிர்த்தெழுந்த ஞாயிறு, அறுப்பின் பண்டிகை, கிறிஸ்துமஸ் கேரல் பவனி ஆகிய அனைத்திலும் குழு குறைவின்றி வாசித்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். நாங்கள் கூட்டத்துக்குக் கூட்டம் பேசிய பொருள் வேறு: அலமாரியில் வாத்தியம் இருந்தும் வாசிக்க ஆளில்லை, கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளின் கைக்கு ஏற்ற வாத்தியமோ இல்லை. இவ்வறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

ஆண்டின் தொடக்கத்தில் அலமாரியிலுள்ள எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கணக்கெடுத்தோம். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பூட்டி வைத்த வயலின்களுள் சில அதன்பின் திறக்கப்படாமலே இருந்தன. ஒரு பெட்டியைத் திறந்ததும் வில்லின் மயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்து வெல்வெட்டின் மேல் கிடந்தது. இருட்டில் மூடிக் கிடக்கும் பெட்டியில் சிறு பூச்சிகள் குடியேறிக் குதிரை மயிரைத் தின்றுவிடும். வயலினைத் திருப்பிப் பார்த்தால், பின்பலகையின் ஓரம் விரல்நகம் நுழையும் அளவுக்குப் பிரிந்திருந்தது. வயலினை ஒட்டப் பயன்படும் பசை விலங்குத் தோலிலிருந்து எடுக்கப்படுவது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இளகும். நம் நாட்டுக் காற்றில் அவ்விரண்டுக்கும் பஞ்சமில்லை. வெயிலில் நிறுத்திய காருக்குள் வயலினை ஒரு மணி நேரம்கூட விடவேண்டாம் என்று பெற்றோரிடம் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கும் இதுவே காரணம்.

அதே ஊரடங்கின்போது ஒரு மாணவி தன் வீட்டுக்கு எடுத்துச் சென்றிருந்த வயலின், பிரடை (தந்தியை முறுக்கும் ஆணி) இறுகாமல், வில் கெடாமல், நல்ல நாதத்துடன் இருக்கிறது. அவர் அதை நாள்தோறும் எடுத்து வாசித்தார், துணியால் துடைத்தார், வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்தி வைத்தார்; வேறெதுவும் செய்யவில்லை. இரண்டு வயலின்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு செயற்குழுவில் விவாதத்திற்கு இடமிருக்கவில்லை. இனி எந்த வாத்தியமும் அலமாரியில் தங்காது. கையொப்பம் பெற்று, இரவல் புத்தகத்தில் பதிந்து, பிள்ளைகளின் வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறோம். பிரிந்த வயலினை ஈப்போவில் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து ஒட்டி வாங்கினோம். இப்போது அது பதினான்கு வயது மாணவர் ஒருவரிடம் இருக்கிறது.

குறைந்த விலைக்குப் புதிய வயலின்களை இணையத்தில் வாங்கலாமே என்று உறுப்பினர் சிலர் நல்லெண்ணத்துடன் கேட்டார்கள். முன்பொரு முறை அப்படி இரண்டு வாங்கினோம். தந்திகளைத் தாங்கும் ‘குதிரை’ என்னும் மரத்துண்டு சரியாகச் செதுக்கப்படாமல் தந்திகள் உயரத்தில் நின்றதால் பிள்ளைகளின் விரல் நுனி புண்ணாயிற்று. பிரடைகள் துளையில் பொருந்தாததால் பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கியது. கற்க வந்த பிள்ளை தனக்கு இசை வராது என்று நம்பி விலகிப்போவது பண நட்டத்தைவிடப் பெரிய நட்டம். பழைய நல்ல வாத்தியத்தைச் செப்பனிடுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

அளவு பற்றியும் ஒரு சொல். அரை அளவு, முக்கால் அளவு வயலின்கள் நம்மிடம் குறைவு. பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் பெரும்பாலான பிள்ளைகள் முழு அளவுக்கு மாறுகிறார்கள். ஆகவே, உங்கள் பிள்ளை வளர்ந்ததும் சிறிய வயலினை நினைவாக வீட்டில் வைத்துக்கொள்ளாமல் உடனே திருப்பித் தரும்படி அன்புடன் வேண்டுகிறேன். அடுத்த பிள்ளை அதற்காகக் காத்திருக்கிறது.

ஆள் பற்றாக்குறைக்கு வருகிறேன். படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் மெட்ரிகுலேஷனுக்கும், பாலிடெக்னிக்குக்கும், பினாங்கு தொழிற்சாலைகளுக்கும், சிங்கப்பூருக்கும் போய்விடுகிறார்கள். படிவம் ஐந்தில் நன்றாக வாசிக்கத் தொடங்கும் பிள்ளையை அடுத்த ஆண்டே இழக்கிறோம். அவர்கள் போவது நமக்கு மகிழ்ச்சியே. போகக்கூடாது என்று யார் சொல்வது? கமுனிங், டோவன்பி, எல்பில் ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா அவர்கள்! ஆனால், ஒருவர் எழுந்து போகும் நாற்காலியில் உட்கார இன்னொருவரை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஆயத்தப்படுத்தியிருக்க வேண்டும். எனவே இவ்வாண்டு முதல் படிவம் மூன்றுக்கு மேற்பட்ட ஒவ்வொரு வாத்தியக்காரரின் பக்கத்திலும் ஓர் இளையவர் அமர்ந்து, அதே தாளைப் பார்த்து வாசிக்கிறார். முதல் சில மாதங்கள் ஒலி கொஞ்சம் கரடுமுரடாக இருந்ததைச் சபையார் பொறுத்துக்கொண்டீர்கள். நன்றி.

கிளாரினெட் பகுதியைத் தனியே குறிப்பிட வேண்டும். நம் கிளாரினெட்டில் ஒரு கட்டைச் சுருதியான ‘சி’ என்று எழுதியதை ஊதினால் ஒரு முழுச் சுரம் தாழ்ந்து ஆறரைக் கட்டைதான் (பி-ஃபிளாட்) கேட்கும். அதனால் நாலு கட்டையில் பாடும் கீர்த்தனையை அதற்கு ஐந்து கட்டையில் எழுதித் தரவேண்டும். இத்தனை ஆண்டுகளும் தாளே இல்லாமல் மனக்கணக்கில் மாற்றி ஊதிவந்தவர் தோட்டத்தில் ஓய்வுபெற்ற நம் மூத்த ஐயா ஒருவர். அவருக்கு இப்போது மூச்சு போதவில்லை. ஆகவே சனிக்கிழமை மாலைகளில் அவர் பக்கத்தில் அமர்ந்து வாயால் பாட, மாணவியர் இருவர் சுரங்களை எழுதிக்கொள்கிறார்கள். கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் சிலவற்றுக்கு இதுவரை கிளாரினெட் தாள் முடிந்திருக்கிறது. அவருக்குத் தெரிந்தவை எல்லாம் தாளில் ஏறும்வரை இந்தச் சனிக்கிழமைகள் தடைபடக்கூடாது. இதைப் புதிய செயற்குழுவிடம் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

பாமாலைகளுக்கு நான்கு குரல்கள் உண்டு. சோப்ரானோவுக்கும் ஆல்டோவுக்கும் வயலின்கள் இருக்கின்றன. டெனரைக் கிளாரினெட் தாங்குகிறது. அடிக்குரலைக் கீபோர்டு வாசிப்பவர் இடக்கையால் ஈடுகட்டி வருகிறார். அடிக்குரலுக்கு ஏற்ற, வயலினைவிடப் பெரிய தந்தி வாத்தியமான செல்லோ ஒன்று நன்கொடையாக வந்து, தந்தி மாற்றி ஆயத்தமாக உள்ளது. அதை வாசிக்க ஆளில்லை. பிள்ளைகள்தாம் கற்கவேண்டும் என்பதில்லை. வேலைக்குப் போகும் பெரியவர் ஒருவர் முன்வந்தாலும், அடிப்படைப் பயிற்சி தருபவருக்கான செலவைக் குழு ஏற்கும் என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. விருப்பமுள்ளவர் இக்கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தரலாம். செல்லோவை இன்றே வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்.

இரவல் புத்தகத்தை ஆண்டுக்கு இருமுறை தணிக்கை செய்யவேண்டும் என்னும் தீர்மானத்தை முன்மொழிந்து, இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பணிவுடன்,
செயலாளர்