மாலிபு கடற்கரைச் சாலைக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். நாங்கள் ஆங்கிலத்தில் அனுப்பிய மனு உங்கள் கோப்பில் இருக்கும். லாஸ் ஏஞ்சல்ஸை அடுத்த மாலிபுவில், சூமா கடற்கரையை ஒட்டிய உங்கள் நெடுஞ்சாலையில் எங்கள் சைக்கிள் குழுவைச் சேர்ந்த பெண்மணி ஒருவர், ஓரமாக நிறுத்தியிருந்த வண்டியின் திறந்த கதவில் மோதி விழுந்ததை அதில் விவரித்திருந்தோம். வருத்தம் தெரிவித்துப் பதில் எழுதினீர்கள், நன்றி. ஆனால் அதே பதிலில், சைக்கிள் ஓட்டுபவர்கள் இயன்றவரை மாற்றுப் பாதைகளில் செல்லலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிதான் என்னை மறுபடியும் எழுத வைத்தது. இங்கே சைக்கிள் ஓட்ட ஆசைப்பட்டும் அஞ்சி நிற்கும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அவர்களும் படிக்கட்டும் என்பதால் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பு உங்களுக்குத் தனியே வந்து சேரும்.

எந்த மாற்றுப் பாதை? சாண்டா மோனிகா மலைத்தொடரின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். மேலே மலைமுதுகில் மல்ஹாலண்ட் நெடுஞ்சாலை. கீழே கடலை ஒட்டி உங்கள் பசிபிக் கடற்கரை நெடுஞ்சாலை. இரண்டுக்கும் நடுவே மாலிபு கேன்யன், லட்டிகோ, கானன் டூம், என்சினல், டெக்கர் என்று மலையிடுக்குகளில் வளைந்து இறங்கும் சாலைகள். ஏணியைப் போன்ற அமைப்பு இது. எந்தப் படியில் ஏறினாலும் எந்தப் படியில் இறங்கினாலும், சுற்று முடிய வேண்டுமென்றால் கீழ்ச்சாலையில் சில மைல்களாவது ஓட்டித்தான் ஆக வேண்டும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். மூன்றாவது பக்கம் இருந்தால் காட்டுங்கள், போகிறோம்.

நாங்கள் வகுத்த சுற்று எளிமையானது. லாஸ் விர்ஜினஸ் சாலையில் உள்ள மாலிபு வேங்கடேஸ்வரர் கோயில் 1981-இல் எழுந்தது. தென்கலிபோர்னியத் தமிழர் பலருக்குப் பழகிய அந்த இடத்திலிருந்து காலையில் புறப்படுவோம். மல்ஹாலண்டைப் பிடித்து மேற்கே திரும்பி, ராக் ஸ்டோர் என்ற சாலையோர உணவகத்தைத் தாண்டி, கலிபோர்னியா சுற்று என்ற சைக்கிள் போட்டியின் வீரர்கள் ஏறிய அதே ஏற்றத்தில் மெல்ல ஏறுவோம். பிறகு பாறைகளுக்கும் புதர்க்காட்டுக்கும் நடுவே நெடுந்தூரம் இறங்கி, லியோ கரில்லோ கடற்கரையில் கடலைத் தொடுவோம். அங்கிருந்து கிழக்கே சுமார் 15 மைல் கடலோரமாக வந்து, பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தின் அருகே மாலிபு கேன்யன் சாலையில் ஏறிக் கோயிலுக்குத் திரும்புவோம். கிழக்கு நோக்கி வருவதற்குக் காரணம் உண்டு. கடல் வலது கைப்பக்கம் தடையின்றித் தெரியும். மேற்கிலிருந்து வீசும் கடற்காற்றும் முதுகில் தள்ளும். உலகில் இப்படி மலையும் கடலும் ஒரே காலைப்பொழுதில் கிடைக்கும் சுற்றுகள் அதிகம் இல்லை. (மாலிபு கேன்யனில் உள்ள சுரங்கவழியும் எங்களுக்கு அச்சம் தருவதுதான். அது கவுண்டியின், அதாவது மாவட்ட நிர்வாகத்தின் சாலை; அவர்களிடம் பேசிக்கொள்கிறோம்.)

இப்போது சூமாவுக்கு வருகிறேன்.

விடுமுறை நாளில் அங்கே சாலையோரம் முழுவதும் கார்கள், பம்பரோடு பம்பராக. கடற்கரையின் கட்டண நிறுத்துமிடத்துக்குள் போகாதவர்கள் எல்லாரும் நெடுஞ்சாலை ஓரத்தில் இலவசமாக நிறுத்துகிறார்கள். நிறுத்திய காரின் பக்கவாட்டுக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவே எஞ்சியிருப்பதுதான் எங்கள் பாதை. பல இடங்களில் அந்தப் பாதையின் அகலமும் ஒரு கார்க் கதவின் அகலமும் ஒன்றே. அதிலும் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல், உடைந்த கண்ணாடித் துண்டுகள், குப்பைத்தொட்டி, அலைச்சறுக்குப் பலகையை இறக்குபவரின் முதுகு. ஓட்டுபவர் கண் எங்கே இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒவ்வொரு காரின் பின்கண்ணாடி வழியாகவும் ஓட்டுநர் இருக்கையில் தலை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக் விளக்கு அணைகிறதா, முன்சக்கரம் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். இடப்பக்கம் மணிக்கு 50 மைல் வேகத்தில் விரையும் வண்டிகளின் ஓசையைக் காதால் அளக்க வேண்டும். கடலைப் பார்க்கவென்று வந்தவர் கடலைப் பார்ப்பதே இல்லை.

எங்கள் தோழி இவை எல்லாவற்றையும் செய்தவர். ஆனால் அங்கே நின்றிருந்த ஒரு வேனின் பின்கண்ணாடி கறுப்புத்தாள் ஒட்டியது. உள்ளே தலை தெரியவில்லை. கதவு திறந்தது. ஹாண்டில்பாரின் வலது முனை கதவின் விளிம்பில் மாட்டிக்கொள்ள, சைக்கிள் கதவோடு நின்றது, அவர் இடப்பக்கம் வண்டிகள் ஓடும் தடத்தில் போய் விழுந்தார். பின்னால் வந்த டிரக்கின் ஓட்டுநர் விழிப்பாக இருந்தார். அதனால் காறை எலும்பு முறிந்ததோடு போயிற்று. அவரைத் தடத்திலிருந்து இழுத்து உட்கார வைக்க ஓர் அடி இடம் தேடினோம், கிடைக்கவில்லை. இரண்டு கார்களின் பம்பர்களுக்கு நடுவே உட்கார வைத்துத்தான் ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தோம்.

கவனமின்றிக் கதவைத் திறப்பது கலிபோர்னியாவில் குற்றம் என்று சட்டம் சொல்கிறது. சைக்கிளைக் கடக்கும் வண்டி மூன்றடி விலக வேண்டும் என்ற சட்டம் 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. முடிந்தால் அடுத்த தடத்துக்கே மாறிக் கடக்க வேண்டும் என்பது 2023 முதல் சட்டம். அகலம் போதாத தடத்தில் நாங்கள் நடுவிலேயே ஓட்டலாம் என்றும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் 50 மைல் வேகத்தில் வரும் வண்டியின் முன்னால் தடத்தின் நடுவில் ஓட்டிப் பாருங்கள் என்று உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் சொல்வீர்களா? சட்டத்தில் இருக்கும் மூன்றடியைச் சாலையிலும் வரைந்து தாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

எங்கள் கோரிக்கை ஒன்றே. லியோ கரில்லோவிலிருந்து மாலிபு கேன்யன் வரை, இரு திசையிலும், கார்க் கதவுக்கு எட்டாத, நடுவில் அறுந்துபோகாத ஒரு சைக்கிள் ஓரப்பாதை. சில இடங்களில் நல்ல ஓரம் ஏற்கெனவே இருக்கிறது, மறுக்கவில்லை. அது பாதி வழியில் முடிந்துவிடுவதுதான் ஆபத்து. மக்கள் கடற்கரைக்கு வரும் உரிமையைப் பறிக்கவும் நாங்கள் கேட்கவில்லை. அவர்களும் நாங்களும் ஒரே கடலைத் தேடித்தான் வருகிறோம். நான்கு தடங்கள் உள்ள இடங்களில் தடத்துக்கு ஓரடி குறைத்தால் ஒவ்வொரு திசையிலும் இரண்டடி கிடைக்கிறது. கார்களைக் கோடு போட்டு மலைப்பக்கமோ கடற்பக்கமோ ஒதுக்கி நிறுத்தச் செய்தால் மேலும் இடம் கிடைக்கும். இதற்கு மலையைக் குடைய வேண்டாம், பெயின்ட் போதும்.

காலம் பிடிக்கும் என்பீர்கள். 2024 மார்ச்சில் மலை சரிந்து டொபாங்கா சாலை மூடப்பட்டது. நெடுங்காலம் ஆகும் என்று அஞ்சினோம். ஜூன் மாதத்திலேயே திறந்தது. 2025 ஜனவரித் தீயில் பாலிசேட்ஸ் பகுதி எரிந்து கடற்கரைச் சாலை அடைபட்டது. மே மாதம் மீண்டும் வண்டிகள் ஓடின. மாநிலம் மனம் வைத்தால் எவ்வளவு விரைவாக வேலை நடக்கும் என்பதை நாங்கள் கண்ணால் கண்டவர்கள். கார்களுக்கு வழி அடைபட்டால் இரவும் பகலும் விளக்குப் போட்டு வேலை செய்கிறார்கள். சைக்கிளுக்கு வழி இல்லாமலே இருப்பதை மட்டும் ஏன் ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்ய வேண்டும்?

சைக்கிள்காரர்கள் மட்டுமா பலியாகிறார்கள்? 2023 அக்டோபர் 17 அன்று இதே சாலையின் ஓரத்தில் பெப்பர்டைன் மாணவியர் நால்வரை ஒரு காரின் வேகம் கொன்றது. 2010 முதல் இந்தச் சாலையில் மாண்டவர்களின் நினைவாக வெப் வே சந்திப்பில் 58 வெள்ளை டயர்களை நட்டு வைத்தார்கள். பிறகுதான் 2024-இல் வேகக் கேமராக்களுக்குச் சட்டம் வந்தது. பிணம் விழுந்த பிறகுதான் கோடு போடுவது என்ற வழக்கம் எந்த நாட்டுக்கும் அழகல்ல. சாண்டா மோனிகா பக்கம் பாருங்கள்: டாரன்ஸ் முதல் வில் ரோஜர்ஸ் கடற்கரை வரை 22 மைல் தனிச் சைக்கிள் பாதை, மணலின் மேலேயே போட்டிருக்கிறார்கள். குழந்தைகள் ஓட்டுகிறார்கள். அது முடியும் இடத்திலிருந்துதான் ஓட்டுபவர் உயிரைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2028-இல் ஒலிம்பிக் போட்டிகளுக்காக உலகமே லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வரப்போகிறது. அதற்கும் முன்பே இங்கே வரி கட்டி வாழ்கிறவர்கள் நாங்கள்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பணியின் கடினம் தெரியும். கடல் அரிக்கிறது, மலை சரிகிறது, தீ வருகிறது. ஆயினும் பணிவோடு மீண்டும் கேட்கிறேன். கதவுக்கு எட்டாத, நடுவில் அறுந்துபோகாத ஓரப்பாதை வேண்டும். அடுத்த முறை இந்தச் சாலைக்குத் தார் போட்டுக் கோடு வரையும்போது அந்தத் திட்டத்தில் இதைச் சேருங்கள். அதுவரை சூமாவை ஒட்டிய பகுதியிலாவது நிறுத்தும் கார்களுக்கு ஒரு கோடு போட்டுத் தாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் பொறியாளர் ஒருவரை அங்கே அனுப்புங்கள். ஓட்ட வேண்டாம்; எங்களோடு அந்த வெள்ளைக் கோட்டை ஒட்டி, சூமாவுக்கு மேற்கே அடுத்துள்ள டிரான்கஸ் வரை நடந்து வந்தால் போதும். தேதியை நீங்களே குறித்துத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சாலையில் சைக்கிள் ஓட்டும் ஒருவன்